தேங்காய் யாருக்கு, மரம் யாருக்கு?

(இலங்கையின் புத்தளம் மாவட்டத்து உடப்பில் மாலை நேரக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மைக் கொஞ்சம் இரைகிறது. கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள்.

போன மாதம் ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். இந்தக் கரையோரத்து ஊர்தான். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், ஆளை அடையாளம் காணக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பொலித்தீன் பைக்குள் பழைய உறுதி ஒன்று, கூடவே இரண்டு பூச்சி உருண்டை. பையைத் திறந்ததும் அறை முழுக்க அந்த வாசம். உறுதி நாலாக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்து போயிருந்தது. "தம்பி, இது என்ர காணிதானே? பத்துப் பேர்ச்சஸ் விக்கலாமா?" என்று கேட்டார்.

கதை இதுதான். இருபது வருடத்துக்கு மேலாகிறது, கணவர் வேறு இடத்தில் குடித்தனம் வைத்துவிட்டார். பிள்ளை இல்லை. அம்மா நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்குப் போட்டார். இரண்டு தவணை போயிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். "மாசாமாசம் கோட்டுக்கு அலைந்து காசு வாங்குவதைவிட அரை ஏக்கர் தென்னங்காணியை எடுத்துக்கொள், வழக்கை விடு" என்றார்கள். அவரும் விட்டார். உறுதி எழுதப்பட்டது, ஆங்கிலத்தில். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. இருபது வருடமாகத் தேங்காய் பறித்து விற்றுச் சாப்பிடுகிறார். வேலி கட்டினார், தண்ணீர் ஊற்றினார். அந்த உறுதியில் எழுதியிருந்ததோ சீவிய உருத்து மட்டும்தான். அவர் கண்மூடிய பிறகு காணி கணவரின் தம்பி மகனுக்கு.

வாசித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப தேங்காய் எனக்கு, மரம் அவனுக்கா?" என்றார்.

சட்டப் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிற விசயத்தை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். நான் இன்று பேச வந்ததும் அந்த வரியைப் பற்றித்தான். தாபரிப்புக்குப் பதிலாகக் கிடைத்த காணியில் மனைவிக்கு இருக்கும் உரிமை எவ்வளவு?

இதே கேள்வியை நெல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் இந்திய உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டு போயிருக்கிறார். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டம் படித்தவர்களுக்குத் தெரிந்த கதை. ஆனால் வழக்கின் பெயரைத்தான் மனப்பாடம் செய்கிறோம், அந்தப் பெண்ணின் முப்பது வருடத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

துளசம்மா. கணவர் வேங்கடசுப்பா ரெட்டி 1931இல் இறந்துபோனார். பிரியாத கூட்டுக் குடும்பம். கணவரின் மாற்றாந்தாய்ச் சகோதரர் சேஷா ரெட்டி. அன்றைய இந்துச் சட்டப்படி, பிரியாத குடும்பத்தில் ஓர் ஆண் மகனில்லாமல் இறந்தால் அவருடைய பங்கு எஞ்சியிருக்கும் ஆண்களிடம் போய்விடும். மனைவிக்குச் சோறும் சீலையும், அதாவது சீவனாம்சம். நாங்கள் இங்கே தாபரிப்பு என்கிறோம், அக்கரையில் சீவனாம்சம் என்கிறார்கள். விதவைக்குக் கணவன் பங்கில் உரிமை கொடுத்த சட்டம் 1937இல் வந்தது. இவருடைய கணவர் அதற்கு ஆறு வருடம் முன்பே போய்விட்டார்.

1944 அக்டோபரில் அவர் நெல்லூர் மாவட்ட முன்சீப் நீதிமன்றத்துக்குப் போனார். நெல்லூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. நீதிமன்றக் கட்டணம் கட்டக் கையில் காசில்லை. ஆகையால் வறியவராகத்தான் மனுவைப் போட்டார். 1946 ஜூனில் ஒருதலைத் தீர்ப்பு அவர் பக்கம் கிடைத்தது. தீர்ப்புக் கிடைத்தால் பணம் கிடைத்துவிடுமா? நிறைவேற்று மனுப் போட வேண்டியிருந்தது. அந்தக் கட்டத்தில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தார்கள், 1949 ஜூலை 30இல் நீதிமன்றம் அதைப் பதிவு செய்தது. சில சொத்துகளைத் துளசம்மாவிடம் ஒப்படைப்பது, அவர் ஆயுள் வரைக்கும் அனுபவிப்பது, விற்க உரிமை இல்லை, அவருக்குப் பிறகு சேஷா ரெட்டிக்குத் திரும்பிப் போவது. நம்முடைய அம்மாவின் உறுதியைத் தெலுங்கில் எழுதியது போல இருக்கிறதல்லவா?

1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. 1960இல் துளசம்மா அந்தச் சொத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்குக் கொடுத்தார். 1961 மே மாதம் ஒரு பகுதியை விற்றார். இரண்டு மாதம் கழித்துச் சேஷா ரெட்டி வழக்குப் போட்டார். முன்சீப் அவர் பக்கம் தீர்த்தார். மாவட்ட நீதிபதி அதை மாற்றித் துளசம்மா பக்கம் தீர்த்தார். ஆந்திர உயர் நீதிமன்றம் அதையும் மாற்றி மறுபடி சேஷா ரெட்டி பக்கம். கடைசியில் உச்ச நீதிமன்றம், 1977 மார்ச் 17ஆம் திகதி. நீதிபதிகள் பகவதி, குப்தா, முர்தசா பசல் அலி மூவரும் துளசம்மாதான் முழு உரிமையாளர் என்றார்கள். முதல் மனுவிலிருந்து எண்ணினால் முப்பத்திரண்டு வருடத்துக்கு மேல்.

தீர்ப்பு அந்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவைச் சுற்றி நிற்கிறது. அதன் முதல் உட்பிரிவு, ஓர் இந்துப் பெண்ணின் கைவசம் உள்ள சொத்து, சட்டத்துக்கு முன்னால் கிடைத்திருந்தாலும் பின்னால் கிடைத்திருந்தாலும், முழு உரிமையாக அவளுடையது என்கிறது. விளக்கக் குறிப்பிலேயே சீவனாம்சத்துக்குப் பதிலாகக் கிடைத்த சொத்தும் சேரும் என்று எழுதியிருக்கிறது. இரண்டாம் உட்பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்தது. நன்கொடையோ, உயிலோ, தீர்ப்போ, வேறு பத்திரமோ குறைந்த உரிமைதான் என்று சொல்லியிருந்தால் குறைந்த உரிமைதான். சேஷா ரெட்டி அந்தக் கதவால்தான் நுழைந்தார். சமரசப் பத்திரத்தில் ஆயுள் வரை என்றுதானே எழுதியிருக்கிறது என்றார்.

நீதிபதிகள் கேட்டது வேறு கேள்வி. பத்திரம் எழுதுவதற்கு முன்னால் இந்தப் பெண்ணுக்கு ஏதாவது உரிமை இருந்ததா? இருந்தது. கல்யாணம் நடந்த நாளிலிருந்தே கணவன் சொத்தில் பிழைக்கும் உரிமை அவளுக்கு உண்டு. பத்திரம் அந்தக் கடனைத் தீர்த்ததே தவிரப் புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. ஏற்கெனவே உள்ள உரிமைக்காகக் கொடுத்த சொத்தென்றால் முதல் உட்பிரிவு. ஒன்றுமே இல்லாதவளுக்குப் புதிதாகத் தானமாகக் கொடுத்தால்தான் இரண்டாவது.

அந்தக் காலத்துக் கூப்பன் கடையில் உங்கள் அட்டைக்குரிய அரிசியை வாங்கிக்கொண்டு முதலாளிக்கு நன்றிக் கடிதம் எழுதினீர்களா? அவ்வளவுதான் விசயம். நான் இந்த வழக்கை முதல் தடவை வாசித்தபோது எனக்கு இந்த ஊர்க் கோயில்தான் ஞாபகம் வந்தது. ஆடி மாதம் பூமிதிக்கும்போது நாம் கும்பிடுகிற திரௌபதை அம்மன், சபையில் கேட்டதும் முன்பின் கேள்விதானே. தன்னைத் தோற்ற பிறகு தருமர் என்னை வைத்து ஆடினாரா, தோற்பதற்கு முன்னாலா? எந்த உரிமை முதலில் வந்தது, எது பிறகு வந்தது? பீஷ்மருக்கே பதில் சொல்ல முடியவில்லை.

துளசம்மா வழக்கோடு இந்தியாவிலும் கதை முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிறகு வந்த சில தீர்ப்புகள் அதை அப்படியே பின்பற்றின, சில சுருக்கிப் பார்த்தன. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, இந்த இரண்டு உட்பிரிவுகளின் எல்லை எது என்று பெரிய அமர்வு தீர்த்து வைக்கட்டும் என அனுப்பியது. இந்தப் பிரிவு வக்கீல்களுக்குத்தான் சொர்க்கம் என்று பகவதி 1977லேயே நொந்துகொண்டார். நானும் அந்தத் தொழில்தான், ஆகவே அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, துளசம்மா வென்றார் என்றதும் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை நான் கொஞ்சம் திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது.

இந்த ஊரின் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதே அம்மன், அதே தாலி, அதே கரைவலை. தோணி ஏறிக் கடலைத் தாண்டியதும் சட்டம் மட்டும் மாறிவிட்டது. இலங்கையில் இந்துவாகப் பிறந்ததற்காக ஒருவருக்குத் தனிச் சொத்துச் சட்டம் கிடையாது. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை என்ற வழமைச் சட்டம் இருக்கிறது. அது வட மாகாணத் தமிழரோடு நின்றுவிடும், புத்தளத்துக்கு வராது. வராமல் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. அங்கே மனைவி தன் பெயரில் உள்ள காணியை விற்க இன்றைக்கும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

இந்தக் கரைக்கு ஒரு காலத்தில் தன்னுடைய வழமை இருந்தது. முக்குவர் வழமை. மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் தாய்வழியாகச் சொத்துப் போன காலம், மாமன் சொத்து மருமக்களுக்கு. கிறிஸ்தோபர் பிரிட்டோ அந்த வழமையை 1876இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். வேடிக்கை என்னவென்றால், அதே 1876இல் வந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த வழமைக்கு முடிவு கட்டிவிட்டது. ஆள் போன வருடத்திலேயே படம் எடுத்து மாட்டியது போல. கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 1834இலேயே 'சிலோன் கசெற்றியர்' என்ற இலங்கை விவரக்கோவை நூலை எழுதி, பிறகு சிலாபத்தில் நீதிபதியாக இருந்த சைமன் காசிச்செட்டி 1860இல் காலமானார். இந்த மாற்றத்தைப் பார்க்க அவர் இல்லை. பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நான் சிலவேளை யோசிப்பேன்.

ஆகவே புத்தளத்துத் தமிழ்ப் பெண்ணுக்கு உள்ளது நாட்டின் பொதுச் சட்டம். உரோம டச்சுச் சட்டமும் அதன்மேல் எழுதப்பட்ட கட்டளைச் சட்டங்களும். அது துளசம்மாவின் காலத்து இந்துச் சட்டத்தைவிடச் சில இடங்களில் தாராளமானது. கணவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்தில் சரிபாதி மனைவிக்கு. முழு உரிமையாக, ஆயுள் வரைக்கும் என்ற வால் இல்லாமல். 1876 சட்டமே சொல்வது அது. நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிற பாதி, ஆனாலும் மைத்துனர்மார் "உனக்கென்ன, இருந்துவிட்டுப் போ" என்று சொல்கிறார்கள், இவரும் தலையை ஆட்டிவிடுகிறார். மனைவி தன் காணியைக் கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது என்று அதே சட்டத்தில் இருந்த தடை, 1923ஆம் ஆண்டு விவாகமான பெண்கள் சொத்துச் சட்டத்தோடு போயிற்று.

ஆனால் துளசம்மாவைக் காப்பாற்றிய அந்த 14ஆம் பிரிவு போன்ற ஒன்று இங்கே இல்லை. அங்கே நீதிமன்றம் பத்திரத்துக்குப் பின்னால் போய், எதற்காகக் கொடுத்தாய் என்று கேட்கிறது. இங்கே நீதிமன்றம் முதலில் உறுதியைத்தான் வாசிக்கும். சீவிய உருத்து என்றால் சீவிய உருத்து. ஆகவேதான் உறுதியில் என்ன எழுதப்படுகிறது என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

முதலாவது, வாய்ப்பேச்சு. "வளவை நீயே வைச்சுக்கொள், ஊர் சாட்சி" என்பார்கள். ஊர் சாட்சி சொல்லும், சட்டம் கேட்காது. 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம், அசையாச் சொத்தைக் கைமாற்ற நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வேண்டும் என்கிறது. கரைவலைப் பங்கையோ தோணியையோ வாயால் கொடுக்கலாம், வளவைக் கொடுக்க முடியாது. "பத்து வருசம் இருந்தாச் சொந்தமாகிடும்" என்று ஒரு நம்பிக்கை இந்தக் கரை முழுக்க உண்டு. அது பாதி உண்மை. பத்து வருடம் எதிரிடையாக, உரிமையாளரை ஏற்றுக்கொள்ளாமல் ஆண்டிருக்கவேண்டும். கணவர் இரு என்று சொன்னதால் இருந்தேன் என்று நீங்களே சொன்னால், முப்பது வருடம் இருந்தாலும் அவர் தயவில் இருந்ததாகத்தான் எடுப்பார்கள்.

அடுத்தது நன்கொடை. இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். தாபரிப்பு வழக்கை விடுவதற்காகக் காணி கொடுக்கிறார்கள். நொத்தாரிசுவிடம் போனதும், பழக்கத்தில், "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று நன்கொடை உறுதி தயாராகிறது. சண்டை பிடித்துப் பிரிந்த இருவருக்கிடையில் எங்கே அன்பு, எங்கே பாசம்? எழுதிவிடுகிறார்கள். நன்கொடை என்றால், பெற்றவர் கடும் நன்றிகேடு செய்தார் என்று காட்டிக் கொடுத்தவர் மாவட்ட நீதிமன்றத்தில் அதை ரத்துச் செய்யக் கேட்கலாம். மீட்கமுடியாத நன்கொடையென்று எழுதியிருந்தாலும் கேட்கலாம். அதற்கு 2017ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. தாபரிப்பை விட்டுக்கொடுத்து வாங்கிய காணிக்கு நீங்கள் எதற்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டிருக்கவேண்டும்? உறுதியின் முகவுரையிலேயே எழுதச் சொல்லுங்கள்: இந்த வழக்கில், இந்தத் தாபரிப்புக் கோரிக்கையைக் கைவிட்டதற்குப் பிரதிபலனாக. அந்த ஒரு வரி வந்துவிட்டால் அது நன்கொடை என்று வாதாடுவது கொடுத்தவருக்கு மிகவும் கடினமாகிவிடும்.

விவாகரத்துவரை போகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவின்படி, மாவட்ட நீதிமன்றம் விவாகரத்துத் தீர்ப்போடு ஒரு தரப்புக்குச் சொத்தை எழுதிக்கொடுக்கும்படியோ, மொத்தத் தொகை கொடுக்கும்படியோ, மாதாமாதம் கட்டும்படியோ கட்டளையிடலாம். மாதாமாதக் கட்டளையை மட்டும் கேட்டு நிறுத்தவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கடலுக்குப் போகிறவரின் வருமானம் மாதாமாதம் ஒரே அளவாக வராது. கடல் கொந்தளிக்கிற காலத்தில் கட்டளைப் பணம் வராமல் போய், நீங்கள் மறுபடி நீதிமன்ற வாசலில் நிற்பீர்கள். காணி ஓடிப்போகாது.

அரசாங்கக் காணியில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முந்தல், கற்பிட்டிப் பக்கம் பேமிட், அளிப்புக் காணிகள் நிறைய. 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதில் எழுதியிருந்ததைக் கேட்டால் 1931இல் நெல்லூரில் நிற்பது போலிருக்கும். கணவர் இறந்தால் மனைவி அந்தக் காணியை ஆளலாம், ஆனால் கைமாற்ற அதிகாரமில்லை, மறுமணம் செய்தால் உரித்து முடிந்துவிடும். துளசம்மாவுக்கு இந்தியா 1956இல் நீக்கிய குறைந்த உரிமையை நாம் அரசாங்க முத்திரையோடு வைத்திருந்தோம். வாரிசுப் பட்டியலில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமையைத் தூக்க 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்வரை காத்திருக்கவேண்டி வந்தது. உங்கள் கையில் பேமிட் இருந்தால் பின்வாரிசாக யார் பெயர் பதிந்திருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் நாளைக்கே போய்ப் பாருங்கள்.

பழைய உறுதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. "விற்கக்கூடாது, பிள்ளைக்குப் பிள்ளை போகவேண்டும்" என்று கட்டுப் போட்டு எழுதும் பழக்கம் முன்பு உண்டு. அந்த வகைக் கட்டுகளை 1972ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் அவிழ்த்துவிட்டது. கேட்பதற்கு 14ஆம் பிரிவின் தங்கை போல இருக்கும். சீவிய உருத்து மட்டும் அதில் சேராது, அது வேறு சாதி. உங்கள் உறுதியில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள அதை வாசித்துத்தான் பார்க்கவேண்டும், அதுவும் எழுதியிருக்கிற மொழி தெரிந்த ஒருவரிடம் கொடுத்து. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உறுதியைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்படவேண்டாம். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்களாவது கேளுங்கள், இவர் என்ன வாங்குகிறார் என்று.

இப்போது அந்த அம்மாவுக்குத் திரும்புகிறேன். அவரால் பத்துப் பேர்ச்சஸை முழு உரிமையோடு விற்க முடியாது. தன் சீவிய உருத்தை மட்டும் விற்கலாம், அதை யார் வாங்குவார்? ஆனால் அவரையும் யாரும் வெளியேற்ற முடியாது. தென்னையிலிருந்து விழுகிற கடைசித் தேங்காய்வரை, ஓலைவரை, அவருடையது. கணவரின் தம்பி மகன் இப்போது வந்து வேலி போடவோ, மரத்தைத் தறித்து விற்கவோ முடியாது. இருவரும் சேர்ந்து ஒரே உறுதியில் கையெழுத்திட்டால் வாங்குகிறவருக்கு முழு உரிமை போய்ச் சேரும். அந்தப் பையன் நல்ல பையன்தான். கத்தாரில் இருக்கிறான், அடுத்த மாதம் விடுமுறையில் வருகிறான். மூன்று பேரும் ஒரு மேசையில் இருக்கத் திகதி குறித்திருக்கிறேன். பத்துப் பேர்ச்சஸ் அவருக்கு முழுதாக, மிச்சத்தில் அவர் தன் உருத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறோம். சரிவருமா தெரியாது. அம்மா மட்டும், இந்தத் தடவை உறுதி தமிழில் இருக்கவேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். தமிழில் எழுத அனுமதியுள்ள நொத்தாரிசு ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

எட்டரை மணியாகிறது, கோயில் மணியும் அடித்தாயிற்று. உறுதிப் பிரதி கொண்டுவந்தவர்கள் சிலர் கையில் சுருட்டி வைத்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அந்தப் பக்கம் மேசை போட்டிருக்கிறார்கள், வெளிச்சமும் இருக்கிறது. ஒவ்வொருவராக வாருங்கள், வாசித்துப் பார்ப்போம்.